கண்டக் காங்கிரஸும் ஒரு நாட்டின் பிறப்பும்

ஒரு நாடு பிறந்த கதையைச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் போர்க்களத்திலிருந்தே தொடங்குகிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கதையில் ஜார்ஜ் வாஷிங்டனின் பெயர் முன்னே வந்து நிற்பது அதனாலேயே. ஆனால் அவருக்குச் சேனாதிபதிப் பதவியை வழங்கியது யார்? அவருடைய வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பதற்காக நோட்டுகளை அச்சிட்டது யார்? பிரெஞ்சு மன்னரிடம் தூதர்களை அனுப்பியதும், பிரிட்டனோடு செய்துகொண்ட சமாதான உடன்படிக்கையை ஏற்று உறுதி செய்ததும் யார்? இவை அனைத்தையும் செய்தது ஒரு சபை. கண்டக் காங்கிரஸ் என்று அதற்குப் பெயர். 1774-ஆம் ஆண்டு முதல் 1789-ஆம் ஆண்டு வரை அது நிலவியது. முதல் ஏழு ஆண்டுகள் அதற்கு எழுதப்பட்ட அரசியல் சட்டம் எதுவும் கிடையாது. எந்த மன்னரும் அதைக் கூட்டவில்லை. எவர்மீதும் வரி விதிக்க அதனால் இயலவில்லை. இத்தகைய சபை ஒரு நாட்டை நிறுவியது எவ்வாறு, அதன் பலம் எங்கே இருந்தது, பலவீனம் எங்கே இருந்தது என்பவற்றைச் சற்று ஆராய்வோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் பிரிட்டனுக்கு உட்பட்ட 13 குடியேற்ற நாடுகள் இருந்தன. அவற்றை ஒரே நாடாகக் கருதியவர்கள் மிகச் சிலரே. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டசபை, தனி வழக்கம், தனி வாணிபம் இருந்தன. வடக்கே மாஸசூஸெட்ஸில் மீன்பிடித் தொழிலும் கப்பல் வாணிபமும் தழைத்தன. தெற்கே வர்ஜீனியாவில் புகையிலையும், தென் கரோலினாவில் நெல்லும் அவுரியும் விளைந்தன. சமய வழிபாட்டிலும் வேறுபாடுகள் மிகுதி. எல்லைத் தகராறுகளும் குறைவில்லை. இவர்கள் அனைவருக்கும் பொதுவாக இருந்தவை ஆங்கில மொழியும், லண்டனில் வீற்றிருந்த மன்னருமேயாகும்.

இவர்களை ஒன்றுசேர்த்த பெருமை ஒருவகையில் பிரிட்டிஷ் பார்லிமென்டையே சாரும். தங்கள் பிரதிநிதிகள் இடம்பெறாத பார்லிமென்டு தங்கள்மீது வரி விதிக்கலாகாது என்று குடியேற்ற நாட்டினர் வாதாடினர். அந்த வழக்கு முற்றிய சமயத்தில் தேயிலை வந்து சேர்ந்தது. சென்னைப் பட்டணத்திலும் வங்காளத்திலும் ஆட்சி செலுத்திவந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனி, விற்காமல் தேங்கிக் கிடந்த தன் சீனத் தேயிலையை அமெரிக்காவில் நேரே விற்றுக்கொள்ளலாம் என்று 1773-ஆம் ஆண்டில் பார்லிமென்டு சட்டம் இயற்றியது. விலை மலிவுதான், ஆனால் அதனுள் தேயிலை வரியும் அடங்கியிருந்தது. 1773 டிசம்பர் 16-ஆம் தேதி இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினர். பார்லிமென்டு பாஸ்டன் துறைமுகத்தை மூடியது. மாஸசூஸெட்ஸின் சுயாட்சி உரிமைகளையும் குறைத்தது. இன்று பாஸ்டனுக்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரலாம் என்று மற்ற நாடுகள் எண்ணத் தொடங்கின.

1774 செப்டம்பர் 5-ஆம் தேதி பிலடெல்பியா நகரில், தச்சர் சங்கத்தின் மண்டபத்தில் முதல் கண்டக் காங்கிரஸ் கூடியது. ஜார்ஜியா நீங்கலாக 12 நாடுகளின் பிரதிநிதிகள் 56 பேர் அங்கே வந்தனர். சில இடங்களில் சட்டசபைகள் அவர்களைத் தேர்ந்தெடுத்திருந்தன. கவர்னர்கள் சட்டசபையைக் கலைத்துவிட்ட இடங்களில் மக்களே தனி மாநாடு கூட்டித் தேர்ந்தெடுத்தனர். அவர்களில் பலர் ஒருவரையொருவர் அதற்குமுன் கண்டதில்லை.

கூடியவுடனேயே ஒரு சிக்கல் எழுந்தது. வாக்குகளை எப்படிக் கணக்கிடுவது? வர்ஜீனியா போன்ற பெரிய நாட்டுக்கும் சின்னஞ்சிறு ரோட் ஐலண்டுக்கும் ஒரே மதிப்பா? மக்கள்தொகையின்படி வாக்களிக்கலாம் என்றால், நம்பத்தக்க கணக்கு எவரிடமும் இல்லை. ஆகவே நாட்டுக்கு ஒரு வாக்கு என்று அப்போதைக்கு முடிவு செய்தனர். இந்த விவாதத்தின்போதுதான் வர்ஜீனியாவின் பாட்ரிக் ஹென்றி, நாடுகளுக்கிடையே இருந்த வேற்றுமைகள் மறைந்துவிட்டன என்றும், தாம் வர்ஜீனியர் அல்லர், அமெரிக்கரே என்றும் முழங்கினார். அது அன்றைய உண்மை நிலையைக் குறிப்பதன்று. வரவேண்டிய ஒரு காலத்தை முன்கூட்டிக் கூறியதாகவே நாம் கொள்ளவேண்டும். வாக்குமுறை அவருடைய பேச்சின்படி அமையவில்லை என்பதே அதற்குச் சான்று.

அந்தக் காங்கிரஸ் சட்டம் எதையும் இயற்றவில்லை. இயற்ற அதற்கு உரிமையும் இல்லை. அதற்குப் பதிலாக ஓர் உறுதிமொழியை வகுத்தது. 1774 டிசம்பர் 1 முதல் பிரிட்டிஷ் சரக்குகளை இறக்குமதி செய்வதில்லை. அப்போதும் பரிகாரம் கிடைக்காவிட்டால், 1775 செப்டம்பரிலிருந்து அங்கே ஏற்றுமதியும் செய்வதில்லை என்பது அதன் சாரம். இதை நிறைவேற்றுவது யார்? ஒவ்வொரு நகரிலும் வட்டத்திலும் மக்கள் ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கவேண்டும். உறுதிமொழியை மீறுபவர்களின் பெயரை அந்தக் குழு பத்திரிகையில் வெளியிடவேண்டும். மற்றவர்கள் அவர்களோடு வாணிபத் தொடர்பை அறுத்துக்கொள்ளவேண்டும். இவ்வளவுதான் ஏற்பாடு. போலீஸும் நீதிமன்றமும் இல்லாத சபைக்கு இந்தக் குழுக்களே கைகளாயின. ஊர்தோறும் குழு அமைந்தபோது, அரசாங்கத்தின் வேலையை மக்கள் தாமாகவே செய்யப் பழகினர். பின்னால் மன்னரின் கவர்னர்கள் விலகியபோது ஆட்சி அடியோடு சிதைந்துபோகாததற்கு இந்தப் பழக்கமே காரணம்.

இரண்டாவது காங்கிரஸ் 1775 மே 10-ஆம் தேதி கூடியது. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பு, ஏப்ரல் 19 அன்று, லெக்ஸிங்டனிலும் கான்கார்டிலும் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கும் உள்ளூர் மக்கள் படைக்கும் இடையே துப்பாக்கிச் சண்டை நடந்துவிட்டது. குறைகளை எடுத்துரைப்பதற்காக ஏற்பட்ட சபை, இப்போது ஒரு யுத்தத்தை நடத்தவேண்டியதாயிற்று. ஜூன் 14-ஆம் தேதி ஒரு பொதுச் சேனையை அமைக்கத் தீர்மானித்தது. மறுநாள் வாஷிங்டனைச் சேனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தது. பாஸ்டனைச் சூழ்ந்திருந்த வீரர்கள் பெரும்பாலும் வடபகுதியைச் சேர்ந்தவர்கள். வாஷிங்டனோ தெற்கே வர்ஜீனியாவைச் சேர்ந்தவர். அவரை முன்மொழிந்த ஜான் ஆடம்ஸ் மாஸசூஸெட்ஸ்காரர். வடக்கின் சண்டையைத் தெற்கும் தன் சண்டையாக ஏற்கவேண்டும் என்ற நோக்கம் அந்தத் தேர்வில் அடங்கியிருந்தது. அதே மாதத்தில் 20 லட்சம் டாலருக்குக் காகித நாணயம் வெளியிட முடிவாயிற்று. ஜூலையில் பொதுத் தபால் இலாகா ஒன்றும் ஏற்பட்டது. பெஞ்சமின் பிராங்க்ளின் அதன் தலைவரானார். சேனை, நாணயம், தபால் ஆகிய மூன்றும் அமைந்துவிட்டன. சுதந்திரம் என்ற சொல்லை மட்டும் அந்தச் சபை இன்னும் உச்சரிக்கவில்லை.

ஏன் இந்தத் தயக்கம்? ஆடம்ஸ் போன்றவர்கள் அப்போதே பிரிவினைக்கு ஆயத்தமாக இருந்தனர். பென்ஸில்வேனியாவின் ஜான் டிக்கின்ஸன் போன்றவர்கள் மன்னரோடு சமாதானம் ஏற்படும் என்று நம்பினர். அவருடைய விருப்பத்துக்கு இணங்கி, 1775 ஜூலையில் மன்னருக்கு மீண்டும் ஒரு விண்ணப்பம் அனுப்பினர். மூன்றாம் ஜார்ஜ் அதைப் பெற்றுக்கொள்ளவே மறுத்தார். ஆகஸ்டு 23-ஆம் தேதி குடியேற்ற நாடுகள் கலகத்தில் இறங்கிவிட்டன என்று பிரகடனம் செய்தார். பயனற்ற அந்த விண்ணப்பத்துக்கும் ஒரு பயன் இருந்தது. சமாதானத்தை விரும்பியவர்கள் தங்கள் வழி அடைபட்டுவிட்டதைத் தாங்களே கண்டுகொண்டனர். 1776 ஜனவரியில் தாமஸ் பெயின் எழுதிய ‘பொது அறிவு’ என்னும் சிறு நூல் வெளிவந்தது. மன்னராட்சி எதற்கு என்ற கேள்வியை அது சாதாரண மக்களிடையே எழுப்பியது. மே மாதத்தில் காங்கிரஸ், குடியேற்ற நாடுகள் தத்தம் சொந்த அரசாங்கங்களை அமைத்துக்கொள்ளவேண்டும் என்று ஆலோசனை கூறியது.

ஜூன் 7-ஆம் தேதி வர்ஜீனியாவின் ரிச்சர்டு ஹென்றி லீ சுதந்திரத் தீர்மானத்தைப் பிரேரித்தார். அன்றே வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் பெரும்பான்மை கிடைத்திருக்கலாம். ஆனால் சில நாடுகளின் பிரதிநிதிகளுக்கு அவரவர் சபைகளிலிருந்து அனுமதி வரவில்லை. பெரும்பான்மையைக் கொண்டு அவர்களைத் தள்ளிவிட்டால் நாடு பிறக்கும்போதே பிளவுபடும். ஆகவே மூன்று வாரம் காத்திருந்தனர். அதற்குள் பிரகடனத்தின் வாசகத்தை எழுத ஜெபர்ஸன், ஆடம்ஸ், பிராங்க்ளின், ஷெர்மன், லிவிங்ஸ்டன் ஆகிய ஐவர் அடங்கிய குழுவை நியமித்தனர். வாசகத்தை எழுதியவர் தாமஸ் ஜெபர்ஸன். அப்போது அவருக்கு வயது 33.

ஜூலை 1-ஆம் தேதி சபை முழுவதும் ஒரு குழுவாக அமர்ந்து வாக்கெடுத்தது. ஒன்பது நாடுகள் ஆதரித்தன. பென்ஸில்வேனியாவும் தென் கரோலினாவும் எதிர்த்தன. டெலாவேரின் இரு பிரதிநிதிகள் ஆளுக்கொரு பக்கமாக நின்றனர். நியூயார்க்குக்கு வாக்களிக்க அனுமதி இல்லை. முடிவான வாக்கெடுப்பை மறுநாளைக்குத் தள்ளிவைக்குமாறு தென் கரோலினா கேட்டது, சபையும் இசைந்தது. அந்த ஒரே இரவில் நிலைமை மாறியது. டெலாவேரின் மூன்றாவது பிரதிநிதியான ஸீஸர் ராட்னி நோயாளி; ஆயினும் ஏறத்தாழ 80 மைல் தூரம் இரவு முழுதும் பயணம் செய்து வந்து சேர்ந்தார். தென் கரோலினா ஒற்றுமையை முன்னிட்டு இணங்கியது. டிக்கின்ஸனும் ராபர்ட் மாரிஸும் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் வாக்கெடுப்பிலிருந்து ஒதுங்கி நின்றனர். அதனால் பென்ஸில்வேனியாவின் வாக்கு ஆதரவாக மாறியது. ஜூலை 2-ஆம் தேதி 12 நாடுகள் ஆதரிக்க, எதிர்ப்பவர் எவருமின்றித் தீர்மானம் நிறைவேறியது. ஒரு வாரத்தில் நியூயார்க்கும் சேர்ந்துகொண்டது. இங்கே டிக்கின்ஸனைச் சற்று நினைத்துப் பார்ப்பது தகும். அவர் சுதந்திரத்தை எதிர்த்தார். நிறைவேறிய பிறகு தம் மக்கள் படையோடு போர்முனைக்குச் சென்றார். எதிர்ப்பவர் ஒதுங்குவதற்கும், ஒதுங்கியவர் பின்னர் இணைவதற்கும் இடம் வைத்திருந்தது அந்தச் சபையின் மெய்யான பலம் என்று நாம் கருதுகிறோம்.

ஜூலை 4-ஆம் தேதி பிரகடனத்தின் வாசகம் ஏற்கப்பட்டது. எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டனர் என்ற கொள்கையை அது உலகுக்கு அறிவித்தது. ஆனால் அதற்கு முந்திய நாட்களில் சபை ஜெபர்ஸனின் வாசகத்திலிருந்து பல வரிகளை நீக்கியிருந்தது. அடிமை வாணிபத்தைக் கண்டித்து, அதன் பழியை மன்னர்மேல் சுமத்திய ஒரு பகுதியும் அவற்றுள் அடங்கும். தென் கரோலினாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் அது உடன்பாடாக இல்லை; அடிமைகளை ஏற்றிச் சென்று பொருளீட்டிய வடபகுதி வணிகருக்கும் அது கசந்தது. எழுதிய ஜெபர்ஸனே நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர். அன்றைய அமெரிக்காவில் ஐந்தில் ஒருவர் அடிமை. 13 நாடுகளின் சம்மதத்தைப் பெற்ற சபை, அந்த ஐந்தில் ஒரு பங்கினரின் சம்மதத்தைக் கேட்கவேயில்லை. ஒற்றுமைக்காக அன்று ஒத்திவைத்த கேள்விக்கு 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களை அந்த நாடு விலையாகக் கொடுத்தது. சம்மதத்தால் ஆளும் சபையைப் பாராட்டும்போது, யாருடைய சம்மதம் என்ற கேள்வியையும் நாம் உடன் எழுப்பவேண்டும்.

பிரகடனம் செய்வதைவிட அதைக் காப்பாற்றுவது கடினமாக இருந்தது. எதிரிப்படை நெருங்கியபோது 1776 டிசம்பரில் காங்கிரஸ் பால்டிமோருக்குச் சென்றது. பிலடெல்பியாவை எதிரி பிடித்த 1777-ஆம் ஆண்டில் லங்காஸ்டரில் ஒரே நாள் கூடி, பிறகு யார்க் என்ற சிற்றூரில் ஒன்பது மாதம் தங்கியது. சபை போகுமிடமே தலைநகராக இருந்தது. மந்திரிகள் என்று எவரும் இல்லாததால், உடுப்பு வாங்குவது முதல் பீரங்கி வார்ப்பது வரை எல்லாவற்றையும் உறுப்பினர் குழுக்களே கவனித்தன. ஆடம்ஸ் ஒருவர் மட்டும் ஏறத்தாழ 90 குழுக்களில் பணியாற்றினார். இந்த அலைச்சலின் நடுவேதான் பிரான்ஸோடு நட்புறவு கைகூடியது. பிராங்க்ளின் பாரிஸில் இருந்து பேசிவந்தார். 1777 அக்டோபரில் ஸாரடோகாவில் ஒரு பிரிட்டிஷ் சேனை சரணடைந்த செய்தி அவர் பேச்சுக்கு வலுவளித்தது. 1778 பிப்ரவரி 6-ஆம் தேதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

பணம்தான் தீராத துன்பமாயிற்று. வரிக்கு எதிராகக் கிளம்பிய மக்கள், தங்கள் சொந்தச் சபைக்கும் வரி விதிக்கும் உரிமையைக் கொடுக்க மனமில்லாதிருந்தனர். காங்கிரஸ் மாநிலங்களிடம் கேட்கலாம். அவை கொடுத்தால் உண்டு. ஆகவே நோட்டுகளை அச்சிட்டுக்கொண்டே போயிற்று. 20 கோடி டாலருக்கு மேல் வெளிவந்த பிறகு, 1780 மார்ச்சில், 40 காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் மதிப்பு என்று சபையே ஒப்புக்கொண்டது. மதிப்பற்ற எதையும் அந்த நோட்டுக்கு ஒப்பிட்டுப் பேசும் வழக்கு மக்களிடையே தோன்றியது. 1777-78 குளிர்காலத்தில் வேலி போர்ஜ் பாசறையில் காலணியும் போர்வையும் இன்றிச் சுமார் 2,000 வீரர்கள் நோயால் மாண்டனர். அந்த வட்டாரத்தில் தானியம் இல்லாமற் போகவில்லை. அதை வாங்கவும் வண்டியேற்றிக் கொண்டுவரவும் சபைக்கு வகை இல்லை.

சபைக்கு ஒரு சட்ட வடிவம் கொடுக்கும் கூட்டிணைப்பு விதிகளை 1777 நவம்பரில் யார்க்கில் ஏற்றனர். 13 மாநிலங்களும் ஒப்புக்கொண்டால்தான் அது செல்லும். மேற்கே பரந்த தரிசு நிலங்களுக்கு வர்ஜீனியா போன்ற பெரிய மாநிலங்கள் உரிமை கொண்டாடின. அவற்றைப் பொதுச் சொத்தாக ஆக்கினாலன்றி ஒப்புவதில்லை என்று சிறிய மேரிலாந்து நின்றது. வர்ஜீனியா விட்டுக்கொடுக்க முன்வந்த பிறகே, 1781 மார்ச் 1-ஆம் தேதி அந்த விதிகள் அமலுக்கு வந்தன. அவற்றிலும் வரி விதிக்கும் அதிகாரம் இல்லை; விதிகளைத் திருத்தவேண்டுமானால் எல்லா மாநிலங்களும் இசையவேண்டும். இறக்குமதிச் சரக்குகளுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் தீர்வை விதிக்க அனுமதிக்குமாறு காங்கிரஸ் கேட்டது. 1782-இல் ரோட் ஐலண்டு மறுத்தது. ஒரு சிறு மாநிலத்தின் மறுப்பால் திட்டம் முழுவதும் வீழ்ந்தது. முன்பு காத்திருந்து இணங்கவைத்த அதே முறை, இப்போது எதையும் செய்யவிடாமல் தடுக்கும் முட்டுக்கட்டையாகிவிட்டது.

1781 அக்டோபர் 19-ஆம் தேதி யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் பிரபுவின் சேனை சரணடைந்தது. இந்தப் பெயர் நமக்குப் புதிதன்று. அங்கே தோற்ற அதே கார்ன்வாலிஸ் 1786-இல் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவுக்கு வந்தார். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானைப் பணியவைத்தார். 1793-இல் வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தை ஏற்படுத்தினார். 1805-இல் காஜிப்பூரில் காலமானார். அவருடைய நினைவு மண்டபம் அங்கே இன்றும் உள்ளது. மேற்கே ஒரு நாட்டை இழந்த சாம்ராஜ்யம் கிழக்கே வேரூன்றிய வரலாறு அந்த ஒருவருடைய வாழ்க்கையிலேயே அடங்கியிருக்கிறது.

வெற்றிக்குப் பின்னரே மிகப் பெரிய சோதனை வந்தது. சம்பளப் பாக்கி கிடைக்காத சிப்பாய்கள் 1783 ஜூனில் பிலடெல்பியாவில் சபை மண்டபத்தைச் சூழ்ந்துகொண்டனர். காங்கிரஸ் பிரின்ஸ்டனுக்குப் பெயர்ந்தது. சேனை நினைத்திருந்தால் அந்த ஏழைச் சபையை ஒரே நாளில் அகற்றியிருக்கலாம். 1783 டிசம்பர் 23-ஆம் தேதி அனாபொலிஸ் நகரில் நடந்தது வேறு. அன்று சபையில் இருந்த உறுப்பினர் சுமார் இருபதின்மரே. அவர்கள் தொப்பியணிந்தபடி அமர்ந்திருந்தனர். வெற்றி பெற்ற சேனாதிபதி அவர்கள்முன் எழுந்து நின்று வணங்கினார். அவர்கள் தொப்பியைச் சற்று உயர்த்தினர். திரும்பக் குனிந்து வணங்கவில்லை. வாஷிங்டன் தம் பதவிப் பத்திரத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குச் சென்றார். எட்டரை ஆண்டுகளுக்கு முன் அதை வழங்கியது அந்தச் சபை. அதைத் திருப்பிப் பெறும் தகுதியும் அதற்கே உண்டு என்று அவர் கருதினார். படைபலத்துக்கு மேலான ஓர் அதிகாரத்தை அந்தச் சபை மக்கள் மனத்தில் ஏற்படுத்தியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

மறுநாளே அதன் வறுமையும் வெளிப்பட்டது. பிரிட்டனோடு 1783 செப்டம்பர் 3-ஆம் தேதி செய்துகொண்ட சமாதான உடன்படிக்கையை உறுதி செய்ய ஒன்பது மாநிலங்களின் பிரதிநிதிகள் வேண்டும். அத்தனை பேர் வந்து சேரவில்லை. 1784 ஜனவரி 14-ஆம் தேதிதான் அது முடிந்தது. ஆயினும் தன் அந்திமக் காலத்திலும் அந்தச் சபை ஒரு பெருஞ்செயல் செய்தது. 1787 ஜூலை 13-ஆம் தேதி நியூயார்க்கில் கூடி, ஒஹையோ நதிக்கு வடமேற்கிலுள்ள பிரதேசத்துக்கு ஒரு சட்டம் வகுத்தது. அங்கே ஒரு பகுதியில் சுதந்திரக் குடிகள் 60,000 பேர் சேர்ந்தால், அது பழைய 13 மாநிலங்களுக்குச் சமமான மாநிலமாகச் சேரலாம். அங்கே அடிமை முறை கூடாது என்று விதித்தது. தான் ஒரு குடியேற்ற நாடாக இருந்து பட்ட துன்பத்தைப் பிறருக்கு இழைப்பதில்லை என்ற எண்ணம் அதில் இருந்தது. அந்த மண்ணின் பழங்குடிகளிடமிருந்து அவர்கள் சம்மதமின்றி நிலத்தை எடுப்பதில்லை என்ற வாக்குறுதியும் அதில் இருந்தது, அது காப்பாற்றப்படவில்லை.

அதே ஆண்டு பிலடெல்பியாவில் கூடிய மாநாடு புதிய அரசியல் சட்டத்தை எழுதியது. வரி விதிக்கும் அதிகாரம் அதில் மத்திய அரசாங்கத்துக்குக் கிடைத்தது. தன்னையே இல்லாமற் செய்யப்போகும் அந்த வாசகத்தைக் காங்கிரஸ் எட்டே நாட்களில் மாநிலங்களின் சம்மதத்துக்கு அனுப்பிவைத்தது. 1946 டிசம்பர் 9-ஆம் தேதி டில்லியில் கூடிய நம் அரசியல் நிர்ணய சபைக்கு இந்த அனுபவம் முன்னே கிடந்தது. 1949 நவம்பர் 26-ஆம் தேதி நிறைவேறிய நம் அரசியல் சட்டம், மத்திய அரசாங்கம் வருவாய்க்காக மாநிலங்களிடம் கையேந்தும் நிலையை வைக்கவில்லை.

பதினைந்து ஆண்டுகளும் அந்தக் காங்கிரஸுக்குக் காரியதரிசியாக இருந்தவர் சார்ல்ஸ் தாம்ஸன் என்பவர். தலைவர்கள் மாறினர், உறுப்பினர்கள் மாறினர், ஊர்கள் மாறின; நடவடிக்கைகளை எழுதிய கை மாறவில்லை. 1789 ஏப்ரலில் வாஷிங்டன் முதல் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தியை அவருடைய இல்லத்துக்குக் கொண்டுசென்றவரும் தாம்ஸனே. சில மாதங்களில் தம் பதவியை விட்டு விலகி, சபையின் ஏடுகளையும் முத்திரையையும் புதிய அரசாங்கத்திடம் ஒப்படைத்தார்.

மாஸசூஸெட்ஸ்காரரும் கரோலினாக்காரரும் ஒரே மண்டபத்தில் பல மாதம் அடுத்தடுத்து அமர்ந்து, ஒருவர் வழக்கத்தை மற்றவர் பொறுத்து, தாம் பிறந்த மண்ணையும் மறவாமல் ஒரு பெரிய நாட்டின் குடிகளாகப் பழகிக்கொண்டனர். சொந்த மாநிலத்தைவிட்டு டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழ்க்கை நடத்தும் நமக்கு அந்தப் பழக்கம் அன்றாட அனுபவம். அது எவ்வளவு காலம் பிடிக்கும், எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை அந்தச் சபையின் ஏடுகள் தெளிவாகக் காட்டுகின்றன.